வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டு அட்வான்ஸ் பணம்: ஹிபாவா, கடனா, பங்கா?



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு தாயும் மகனும் மருமகளும் வந்தார்கள். மகன் இங்கே பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்ப்பவர். மருமகள் அவருடைய அண்ணனின் மனைவி, இத்தாவை முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயர்கள் தேவையில்லை.

அண்ணன் குவைத்தில் டிரைவராக இருந்தவர். தம்பி ஓரிக்கையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டை விலை பேசி வைத்திருந்தார். அட்வான்ஸுக்குப் பணம் இல்லை. அண்ணன் மூன்று தவணையாக 4,80,000 ரூபாய் அனுப்பினார். அனுப்பியது தம்பியின் கணக்கிற்கு அல்ல, அம்மாவின் கணக்கிற்கு. அக்ரிமென்ட் போடுவதற்கு முன்பே குவைத்தில் மாரடைப்பில் அவர் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

“அண்ணன் எனக்குக் கொடுத்த பணம் இது” என்றார் தம்பி. செல்போனில் அண்ணனின் குரல் பதிவும் இருந்தது. ‘உன் வீட்டு அட்வான்ஸுக்குத்தான் அனுப்பியிருக்கேன்’ என்று அதில் தெளிவாகவே கேட்டது. அண்ணி ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹழ்ரத் அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “பணத்தை வாங்கி வைக்கச் சொல்லி உங்களிடம் சொன்னது யார்?” தாய் தயங்காமல் பதில் சொன்னார்: “மூத்தவன்தான். வீடு அமையும்போது சின்னவன்கிட்ட குடுங்க, அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்னான்.” அந்த ஒரு பதிலில் விஷயம் முடிந்துவிட்டது. ஏன் என்பதை விளக்குவதற்கே இந்தக் கட்டுரை.

நமது ஷரீஅத்தில் அன்பளிப்பாகிய ஹிபா நிறைவேற மூன்று வேண்டும். கொடுப்பவர் ‘கொடுத்தேன்’ என்று சொல்வது, பெறுபவர் ஏற்பது, பொருள் பெறுபவரின் கைவசம் ஆவது. இந்தக் கைவசத்தைத்தான் கப்ள் என்கிறோம். முதல் இரண்டும் நம் குடும்பங்களில் தாராளமாக நடக்கின்றன. மூன்றாவதில்தான் தவறுகிறோம். தம்பியே அம்மாவிடம் ‘எனக்காக வாங்கி வையுங்கள்’ என்று பொறுப்புக் கொடுத்திருந்தால், அம்மாவின் கை தம்பியின் கையாக இருந்திருக்கும். இங்கே பொறுப்புக் கொடுத்தவர் அண்ணன். ஆகவே பணம் கடைசிவரை அண்ணனுடையதாகவே இருந்தது. அவர் மவுத்தானதும் அது வாரிசுகளின் சொத்தாகிவிட்டது.

இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் தம் சொந்த மகளிடமே இப்படித்தான் நடந்துகொண்டார்கள். மதீனாவுக்கு அருகே ஃகாபாவில் இருந்த தம் நிலத்தின் விளைச்சலில் இருபது வஸக் பேரீச்சம்பழத்தை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அன்பளித்திருந்தார்கள். மகள் அதை இன்னும் பறித்து எடுத்துக்கொள்ளவில்லை. மரண வேளை நெருங்கியபோது மகளை அழைத்து, நீ கைவசப்படுத்தியிருந்தால் அது உன்னுடையது, இன்றோ அது வாரிசுகளின் சொத்து, உன் இரு சகோதரர்களும் இரு சகோதரிகளும் அதில் இருக்கிறார்கள், அல்லாஹ்வின் வேதப்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். எனக்குச் சகோதரி அஸ்மா ஒருவர்தானே, இன்னொருவர் யார் என்று ஆயிஷா (ரலி) கேட்டார்கள். தம் மனைவியின் வயிற்றில் இருக்கும் குழந்தை பெண் என்றே எண்ணுவதாகத் தந்தை பதில் சொன்னார்கள். அப்படியே பெண் குழந்தைதான் பிறந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்தச் செய்தி இருக்கிறது. பிறக்காத குழந்தையின் பங்கைக்கூட அன்பு மகளுக்காக விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 129-ஆம் பிரிவில் முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஹஃபீஸா பீபி வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், இந்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால் ஹிபா செல்லும், எழுதியதைப் பதிவு செய்யவில்லை என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது. பத்திரம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, கைவசம் இல்லையென்றால்தான் பாதகம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மய்யித் செலவு, கடன் எதுவும் பாக்கியில்லை, வஸிய்யத்தும் இல்லை. அத்தா முன்பே இறந்துவிட்டார். மொத்தத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, இரு பெண்களுக்கும் சேர்த்து 16, தாய்க்கு 4, மீதி 1 தம்பிக்கு. அதாவது மனைவிக்கு 60,000, ஒவ்வொரு பெண்ணுக்கும் 1,60,000, தாய்க்கு 80,000, தம்பிக்கு 20,000 ரூபாய். தம்பி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஸலாம் சொல்லி எழுந்து போனார். வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை, வேறு ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். தம்பி இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். தாயின் கணக்கில் இருந்த பணம் அண்ணியின் பெயருக்கும் பிள்ளைகளின் பெயருக்கும் மாற்றப்பட்டபோது வங்கிக்கு உடன் சென்றவர் அவரே. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

அந்த அண்ணன் அதே பணத்தைத் தம்பியின் கணக்கிற்கு நேராக அனுப்பியிருந்தால் ஹிபா அன்றே நிறைவேறியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாப் பணமும் ஹிபா என்றும் எண்ணிவிட வேண்டாம். ‘வச்சுக்கோ, பிறகு பார்த்துக்கலாம்’ என்ற பேச்சுதான் எங்களிடம் வரும் பாதி வழக்குகளுக்கு மூலம். அனுப்பியவர் ஊர் திரும்பி, கையில் வேலையில்லாமல் நிற்கும்போது அந்தப் ‘பிறகு’ வந்துவிடுகிறது. வீட்டை வாங்காமல் அட்வான்ஸ் பறிபோனால் யாருக்கு நட்டம் என்று கேட்டுப் பாருங்கள், பணம் எந்த வகை என்பது விளங்கிவிடும். ஹிபா என்றால் நட்டம் பெற்றவருக்கு. கடன் என்றால் அட்வான்ஸ் போனாலும் கடன் போகாது, முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும். பங்கு என்றால் இருவரும் அவரவர் பணத்தின் அளவுக்கு நட்டத்தைத் தாங்க வேண்டும். பங்குதான் என்றால் கிரயப் பத்திரத்தில் அவர் பெயரும் வரட்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் இங்கே வீடு வாங்கத் தடையில்லை, விவசாய நிலம்தான் வாங்க முடியாது. கடன் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது.

ஹிபா என்றால் அனுப்புகிறவர் ஒரு தாளில், அல்லது வாட்ஸ்அப்பிலாவது, இப்படி எழுதினால் போதும்: ‘இன்ன தேதியில் உன் வங்கிக் கணக்கிற்கு அனுப்பிய இவ்வளவு ரூபாய் உனக்கு நான் கொடுத்த ஹிபா. இதைத் திரும்பக் கேட்க மாட்டேன். நீ வாங்கும் வீட்டில் எனக்குப் பங்கு இல்லை.’ பெறுபவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பதில் எழுதட்டும். அனுப்புகிறவரின் மனைவிக்கும் இது தெரிந்திருக்கட்டும். சட்டத்திற்காகச் சொல்லவில்லை, பின்னால் மனக்கசப்பு வராமல் இருக்கத்தான்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் கொடுப்பதில் இன்னொரு கவனம் வேண்டும். பஷீர் (ரலி) தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் போலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். சவூதியில் உழைத்த அத்தா மூத்தவனின் வீட்டுக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் வாயால் கேட்காமல் இருக்கலாம், மனதால் கேட்பார்கள்.

வருமான வரி விஷயம் சுருக்கமாக. பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவியின் உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை போன்றோர் கொடுக்கும் அன்பளிப்புக்கு எவ்வளவானாலும் வரி இல்லை. ஆனால் சித்தப்பா பையனோ, ரூமில் உடன் இருந்த நண்பர்களோ கொடுத்தது ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. விந்தை என்னவென்றால், மாமா மருமகனுக்குக் கொடுத்தால் வரியில்லை, அக்கா மகன் மாமாவுக்குக் கொடுத்தால் வரி உண்டு! உண்டியலில் வந்த பணத்திற்கு எந்தச் சான்றும் இராது. அது சட்ட விரோதமும் கூட. வங்கி வழியே வரட்டும். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள்.

ஜகாத்தும் உண்டு. வீட்டுக்கென்று சேர்த்து வைத்த பணமாயினும், ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி ஓர் ஆண்டு கையில் இருந்தால் ஜகாத் கடமையாகிறது. ஹிபா நிறைவேறியிருந்தால் அது பெற்றவர் மீது, அம்மா கணக்கில் அமானத்தாக இருந்தால் அனுப்பியவர் மீது.

ஹிபா கடிதம், கடன் பத்திரம், பங்கு ஒப்பந்தம் மூன்றுக்கும் மாதிரிப் படிவங்கள் நமது அலுவலகத்தில் இருக்கின்றன. அஸர் முதல் மஃரிப் வரை வந்து பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.