சகலதுறை வீரரும் அணித்தலைவரும்: கபில் தேவ்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
அலகு: விளையாட்டும் தலைமைத்துவப் பண்புகளும்



"விளையாட்டில் தலைமைத்துவத்தை உதாரணம் தந்து விளக்குக" என்ற வினாவுக்குப் பலர் ஒரு வீரரின் பெயரையும் சில புகழ்ச்சிச் சொற்களையும் எழுதி விட்டுவிடுகின்றனர். உதாரணம் என்பது சம்பவம், அதன் காரணம், அதன் விளைவு ஆகிய மூன்றையும் கொண்டிருத்தல் வேண்டும். இந்திய அணியின் முன்னாள் தலைவர் கபில் தேவின் விளையாட்டு வாழ்க்கையை அவ்வாறு கற்போம்.

1. சகலதுறை வீரர் என்பவர் யார்?

துடுப்பாட்டத்துக்காக மட்டும் எடுத்தாலும், பந்துவீச்சுக்காக மட்டும் எடுத்தாலும் அணியில் இடம்பெறத் தகுதியுள்ளவரே சிறந்த சகலதுறை வீரர் ஆவார். இதனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. துடுப்பாட்டச் சராசரி பந்துவீச்சுச் சராசரியை விட உயர்வாக இருத்தல் வேண்டும்.

கபில் தேவ் 1959 ஜனவரி 6ஆம் திகதி சந்திகாரில் பிறந்தார். 1978இல் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். 1994இல் ஓய்வு பெறும்வரை 131 டெஸ்ட் போட்டிகளில் பங்குபற்றினார்.

• துடுப்பாட்டம்: 5248 ஓட்டங்கள், 169 ஆட்டமிழப்புகள். 5248 ÷ 169 = 31.05
• பந்துவீச்சு: 434 விக்கெட்டுகள், கொடுத்த ஓட்டங்கள் 12867. 12867 ÷ 434 = 29.64

31.05 என்பது 29.64ஐ விடப் பெரியது. எனவே அவர் மேற்படி அளவுகோலில் தேறுகின்றார். டெஸ்ட் போட்டிகளில் 5000 ஓட்டங்களையும் 400 விக்கெட்டுகளையும் ஒருசேரப் பெற்ற ஒரே வீரரும் இவரே. 184 இனிங்ஸ்களில் ஒருமுறையேனும் ரன் அவுட் ஆகவில்லை என்பது அவரது உடற்தகைமைக்கும் விழிப்புணர்வுக்கும் சான்றாகும்.

2. 1983 உலகக்கிண்ணம்

1975, 1979 ஆகிய இரு உலகக்கிண்ணங்களையும் மேற்கிந்தியத் தீவுகள் அணியே வென்றிருந்தது. 1983இல் இந்தியா வெல்லும் என எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. அணித்தலைவர் கபில் தேவுக்கு அப்போது வயது 24.

ஜூன் 18ஆம் திகதி டன்பிரிட்ஜ் வெல்ஸில் சிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்தது. கபில் தேவ் முதலில் நிதானமாக ஆடினார். துணைநின்றவர்களோடு ஓட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இறுதிக் கட்டத்திலேயே அடித்தாடினார். ஒன்பதாவது விக்கெட்டுக்காக கிர்மானியுடன் பிரிக்கப்படாத 126 ஓட்டங்களைப் பகிர்ந்தார். அவர் பெற்றது ஆட்டமிழக்காமல் 175; அணி பெற்றது 8 விக்கெட் இழப்புக்கு 266. இந்தியா 31 ஓட்டங்களால் வென்றது.

ஜூன் 25ஆம் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற இறுதிப்போட்டியில் இந்தியா பெற்றது 183 ஓட்டங்கள் மட்டுமே. மதன் லாலின் பந்தில் விவியன் ரிச்சர்ட்ஸ் உயர்த்தியடித்த பந்தை, பின்னோக்கி நீண்டதூரம் ஓடிச் சென்று பிடித்தவர் கபில் தேவ். மேற்கிந்தியத் தீவுகள் 140 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியா 43 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

3. துணிவும் பொறுப்பும்

இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். துணிவு எப்போதும் நன்மை தரும் என்று எழுதுவது தவறு.

(அ) 1984 டிசம்பர், டில்லி. இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியைத் தோல்வியின்றி முடிக்க இந்தியாவுக்குத் தேவைப்பட்டது ஓட்டங்கள் அல்ல, நேரம். அவ்வேளையில் கபில் தேவ் உயர்த்தியடித்து ஆட்டமிழந்தார். இந்தியா தோற்றது. அடுத்து கல்கத்தாவில் நடைபெற்ற டெஸ்ட் போட்டிக்கு அவர் தெரிவு செய்யப்படவில்லை. 16 வருட காலத்தில் அவர் ஆடாத ஒரே டெஸ்ட் போட்டி அதுவேயாகும்.

(ஆ) 1990, லோர்ட்ஸ். மீண்டும் தொடர்ந்து துடுப்பெடுத்தாடும் நிலையைத் தவிர்க்க இந்தியாவுக்கு 24 ஓட்டங்கள் தேவை. எஞ்சியிருந்தது ஒரு விக்கெட் மட்டுமே. மறுமுனையில் நின்றவர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பார் என நம்ப இயலாது. கபில் தேவ் ஹெமிங்ஸின் நான்கு பந்துகளையும் அடுத்தடுத்து ஆறு ஓட்டங்களாக அடித்தார். அடுத்த ஓவரிலேயே மற்றவர் ஆட்டமிழந்தார். போட்டியில் இந்தியா தோற்றபோதும் அவரது கணிப்புச் சரியாகவே இருந்தது.

இரண்டிலும் அடி ஒன்றே, சூழ்நிலைதான் வேறு. அணியின் தேவையை அறிந்து காட்டும் துணிவே தலைமைத்துவப் பண்பாகும்.

4. நேர்மையின் விலை

1987 உலகக்கிண்ணத்தில் சென்னையில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் மோதின. அவுஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நான்கு ஓட்டங்கள் வழங்கப்பட்டன. அது எல்லைக்கோட்டைத் தாண்டியே வீழ்ந்தது என அவுஸ்திரேலிய அணியினர் இடைவேளையில் முறையிட்டனர். கபில் தேவ் அதனை ஆறாக மாற்ற உடன்பட்டார். 268 ஆக இருந்த மொத்தம் 270 ஆயிற்று. இந்தியா பெற்றதோ 269. ஒரு ஓட்டத்தால் தோல்வி!

அவர் மறுத்திருந்தால் இந்தியா வென்றிருக்கக்கூடும். ஆயினும் உண்மையை ஏற்றுக்கொண்டார். விளையாட்டு ஒழுக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது. அதே தொடரின் அரையிறுதியில் இங்கிலாந்திடம் இந்தியா தோற்றபின் அவர் தலைமைப் பதவியை இழந்தார்.

5. இலங்கையுடனான தொடர்பு

1985 செப்டெம்பரில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. துலீப் மென்டிஸ் தலைமையிலான இலங்கை அணி 149 ஓட்டங்களால் தோற்கடித்தது கபில் தேவ் தலைமையிலான இந்திய அணியையே ஆகும். 1994 பெப்ரவரியில் அஹமதாபாத்தில் ரிச்சர்ட் ஹாட்லியின் 431 விக்கெட்டுகள் என்ற உலக சாதனையைக் கபில் தேவ் முறியடித்தபோது ஆட்டமிழந்தவர் இலங்கையின் ஹஷான் திலகரத்ன.

6. மதிப்பீடு

கபில் தேவ் தலைமை தாங்கிய டெஸ்ட் போட்டிகள் 34. வெற்றி 4, தோல்வி 7, வெற்றிதோல்வியின்றி முடிந்தவை 22, சமன் 1. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர் அவரைச் சாதாரண தலைவர் என்பார். 1983ஐ மட்டும் பார்ப்பவர் ஒப்பற்ற தலைவர் என்பார். நல்ல விடை இரண்டையும் குறிப்பிட்டு, பின்னர் தன் முடிவைக் காரணத்துடன் கூறும்.

பயிற்சி வினாக்கள்

1. சகலதுறை வீரரை இனங்காணும் அளவுகோலை விளக்கி, கபில் தேவுக்கு அதனைப் பிரயோகிக்குக.
2. டில்லி (1984), லோர்ட்ஸ் (1990) நிகழ்வுகளை ஒப்பிடுக.
3. "சென்னையில் கபில் தேவ் எடுத்த முடிவு அணிக்குச் செய்த தீங்கு." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? காரணம் தருக.

விடைக் குறிப்பு (வினா 3): ஏற்றாலும் மறுத்தாலும் புள்ளி பெறலாம். ஒரு ஓட்டத் தோல்வி என்ற விளைவையும், உண்மையை மதித்தல் என்ற பண்பையும் இரண்டையுமே குறிப்பிடுக. ஏற்பவர், அணித்தலைவர் தம் அணியின் நலனுக்கும் பொறுப்பானவர் என வாதிடலாம். மறுப்பவர், தமக்குரியதல்லாத இரு ஓட்டங்களால் கிடைக்கும் வெற்றி உண்மையான வெற்றியாகாது என வாதிடலாம். உங்கள் பாடசாலை அணியின் தலைவராக அவ்விடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சிந்தித்தபின் எழுதத் தொடங்குங்கள்.