செங்கலில் மனை வாங்கும் முன்: பத்திரத்தை யாரிடம் காட்டுவது?

களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்தின் பாறசாலை, செங்கல் பக்கம் பத்து சென்ட் பார்த்த கையோடு, “வில்லங்கம் போட்டாச்சு, ஒண்ணுமில்ல” என்று முன்பணம் கொடுத்துவிடுவோர் உண்டு. அந்த ஒரு தாள் சொல்லாமல் விடுவது நிறைய. சரிபார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. எது போதும் என்பதை மனையின் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது கைமாறி வந்த கதையை வைத்து முடிவு செய்யுங்கள்.

1. நாமே ஆன்லைனில் பார்ப்பது

நம்மூர் வில்லங்கச் சான்றுக்குக் கேரளத்தில் குடிக்கடச் சான்று என்று பெயர். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். பதிவான கிரயம், பாகம், தானம், அடமானம் எல்லாம் இதில் வரும். 30 ஆண்டுக்குக் கேளுங்கள். அடமானத்தை மீட்க வழக்குப் போட 1963 காலவரம்புச் சட்டம் தரும் கெடு அதுதான். ரீசர்வே நடந்த இடமென்றால் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

உயில், நடக்கும் வழக்கு, பதிவு செய்யாமல் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் ஆகியவை இதில் தெரியாமல் போகலாம். வங்கிக் கடனுக்கு 2011இல் தொடங்கிய செர்சாய் பதிவேட்டையும், வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் தேடுங்கள்.

2. வில்லேஜ் ஆபீஸ்

யார் பெயரில் கரம் (நிலவரி) கட்டுகிறார்கள், போக்குவரவு (பெயர் மாற்றம்) நடந்ததா, தண்டப்பேர் எண் (வரிக்கணக்கு எண்) என்ன என்பது இங்கே தெரியும். கர ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனாலும் இந்த நடையைத் தவிர்க்கக் கூடாது. அடிப்படை வரிப் பதிவேட்டில் வகை ‘புரயிடம்’ என்று இருக்க வேண்டும். ‘நிலம்’ என்றிருந்தால் அது வயல். 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி நினைத்தபடி வீடு கட்ட முடியாது.

3. ஆதாரம் (பத்திரம்) எழுத்துக்காரர்

முன்னாதாரங்களின் நகலை வரிசையாக எடுத்துத் தருவதில் கெட்டிக்காரர். கொல்லம் ஆண்டு போட்ட பழைய மலையாள ஆதாரத்தையும் தடங்கலின்றி வாசிப்பார். ஆனால் பதிவு நடந்தால்தான் அவருக்கு வருமானம். விற்பவருக்கும் அவரே எழுதக்கூடும். நகல் எடுக்க அவரை நம்பலாம். ‘வாங்கலாமா’ என்ற கேள்வியை அவரிடம் கேட்க வேண்டாம்.

4. வக்கீலின் சட்டக் கருத்து

செலவு கூடுதல்தான். ஆனால் பத்திரத்தில் யார் கையெழுத்து இல்லை என்று பார்ப்பவர் இவர்தான். பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இந்தப் பகுதியில், கிறிஸ்தவக் குடும்பச் சொத்தென்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கொல்லம் 1092இல், அதாவது 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்குரியதில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத்தான் மகளுக்கு ஒதுக்கியது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தந்த தீர்ப்பின்படி, 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சமபங்கு. அந்தத் தேதிக்குப் பின் தகப்பன் இறந்து, அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் வைத்த ஆதாரமாக இருந்தால் சகோதரிகளின் விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். குடிக்கடச் சான்று இதைக் காட்டிக்கொடுக்காது.

நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் வழக்காடுபவராக, விற்பவருக்கு வேண்டியவராக இல்லாதவராகப் பாருங்கள். வங்கி வக்கீல் பார்த்தாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக.

எந்த மனைக்கு எது?

- ஒரே ஆள் பல ஆண்டுக்கு முன் கிரயம் வாங்கி, கரமும் கட்டி வரும் மனை: முதல் இரண்டு வழிகளோடு, முன்னாதாரங்களை வக்கீல் ஒருமுறை பார்த்தால் போதும்.
- பூர்வீகச் சொத்து: முன்பணத்துக்கு முன்பே வக்கீல். வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.
- பவர் வைத்திருப்பவர் விற்பது: பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். பவர் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது.

சார்பதிவாளர் பதிந்துவிட்டால் உரிமை உறுதி என்று எண்ண வேண்டாம். விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது அவர் வேலையல்ல என்று தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்த ஆராய்ச்சி வாங்குபவர் பொறுப்பு. அதற்கு ஆகும் செலவையும் மனை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.