மலை வழிக்கேற்ற தோற்செருப்பு

வட அமெரிக்கப் பழங்குடியினர் ஓசையின்றி வேட்டையாட அணிந்தது மொக்காசின் என்னும் மென்தோற் காலணி. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிவிட்டது, முள்ளை விலக்கவில்லை! தம்மம்பட்டியிலிருந்து மலைக்காட்டு வழி செல்லும் அங்கத்தினர்க்குத் தடித்த அடித்தோலே தேவை.

வாங்குமுன் அதன் வெட்டு விளிம்பை நோக்குக. ஆவாரம்பட்டைச் சாறு உள்வரை ஊறியிருப்பின், விளிம்பு முழுவதும் ஒரே பழுப்பாயிருக்கும். நடுவே வெளிறிய கோடு தென்படின், தோல் அரைகுறையாகவே பதப்பட்டதாகும். மழையில் நனைந்து காய்ந்ததும் விறைத்துவிடும். மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு நாமே ஒருமுறை ஏமாந்தோம். அச்செருப்பு ஓர் ஐப்பசி தாங்கவில்லை.

நனைந்ததை அடுப்பருகே வைத்தலாகாது. நிழலில் உலர்த்திச் சிறிது புங்கெண்ணெய் தடவுக. விலை சற்றுக் கூடினும் தைத்தவரிடமே வாங்குதல் நன்று. வார் அறுந்தால் அவரே மாற்றித் தருவார்.