மார்க்கர் கூடினால் கேன்சரா?

கே: மாஸ்டர் செக்கப்பில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோய் மார்க்கர்) அளவு 52 என்று வந்திருக்கிறது. வயது 38. எந்தத் தொந்தரவும் இல்லை. தூக்கமே போய்விட்டது. பெட் ஸ்கேன் எடுத்துவிடட்டுமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

ப: வேண்டாம்மா. ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கா? லேபில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 35-ஐத் தாண்டினால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து விழும், அவ்வளவுதான். மாதவிலக்கு, கர்ப்பம், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருக்கம் எல்லாவற்றிலும் இது ஏறும். வயிற்றுக் காசநோயில் பல நூறுக்குப் போகும். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அதே லேபில் திரும்ப எடுங்கள். இதற்கிடையில் அடிவயிற்றுக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் போதும். அளவு ஏறிக்கொண்டே போனாலோ, ஸ்கேனில் கட்டி தெரிந்தாலோ, அம்மா, அக்கா யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தாலோ மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும்.

என் கோபம் உங்கள் மேல் இல்லை. நன்றாக இருப்பவர்களுக்கு இதையும் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்களே, அவர்கள் மேல். பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. சிகிச்சை முடித்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று கவனிக்க உதவும் சோதனை இது. அதைத் தள்ளுபடி விலையில் தீபாவளிச் சேலை மாதிரி விற்றால், வாங்கியவருக்கு மிஞ்சுவது பயமும், அடுத்தடுத்த ஸ்கேன் செலவும்தான்.

கே: அப்பாவுக்கு வயது 62, பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் மார்க்கர்) 5.8. உடனே பயாப்சியா?
- வாசகர், மதுரை

ப: சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சமீபத்தில் கதீட்டர் போட்டார்களா? இருந்தால் அது சரியாகி ஆறு வாரம் போகட்டும், பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் யூராலஜிஸ்ட். பெரும்பாலும் எம்ஆர்ஐ பார்த்த பிறகுதான் பயாப்சி. ஒன்றை மறக்காதீர்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைட் மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் போடுகிறவர் என்றால் பிஎஸ்ஏ பாதியாகத் தெரியும். 5.8-ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டு இந்த வாரமே போங்கள்.

கே: சிஇஏ (குடல் புற்றுநோய் மார்க்கர்) 4.6. தினமும் ஒரு கட்டு பீடி உண்டு.

ப: பீடி பிடிப்பவருக்கு 5 வரை சகஜம். ரிப்போர்ட்டை விடுங்கள், பீடியை நிறுத்துங்கள்.

கே: சிஏ 19-9 நார்மல். கணையப் புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

ப: கூடாது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்தப் பொருள் உடம்பில் உற்பத்தியே ஆகாது. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, நார்மல் என்ற காகிதத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.