குறைந்த முதலில் உயர்தர கேமிங் கம்ப்யூட்டர்: வாங்குவோருக்கு ஒரு பாடம்

மூட்டையில் குத்தூசி போட்டுச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நம்மில் எவரும் கொள்முதல் செய்வதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கும்போது, கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் உள்ள பெயர்கள் விளங்காமல், அடித்தொகையை மட்டும் பேரம் பேசி வாங்கி வருவோர் பலர். லட்ச ரூபாயை ஒட்டிய கொள்முதல் இது. தவறான சரக்கு வந்தால் ஆறே மாதத்தில் "இதில் புதிய கேம் ஓடவில்லை" என்ற குரல் வீட்டில் எழும், மறுபடியும் செலவு.

இந்தத் தொழில் தெரியாதவரும் ஒரு கொட்டேஷனை எடை போட்டுப் பார்க்கத்தக்க சில கணக்குகளை இக்கட்டுரையில் தருகிறோம். விலைகளை நாம் குறிப்பிடவில்லை. அவை மாதத்துக்கு மாதம் மாறுபவை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது நல்ல எடுத்துக்காட்டு. விலை மாறினாலும் கணக்கு மாறாது.

முதல் கேள்வி: எந்தத் திரை, எந்த விளையாட்டு?

கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டியது இது. கம்ப்யூட்டர் செய்யும் வேலை, திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

1920 × 1080 திரை (ஃபுல் எச்.டி.): 20,73,600 புள்ளிகள்.
2560 × 1440 திரை: 36,86,400 புள்ளிகள்.
3840 × 2160 திரை (4கே): 82,94,400 புள்ளிகள்.

4கே திரையில் ஃபுல் எச்.டி.யைப் போல 4 மடங்கு புள்ளிகள். ஒவ்வொரு நொடியும் 60 முறையோ 144 முறையோ இத்தனை புள்ளிகளையும் புதிதாக வரைய வேண்டும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று 4கே திரையை வாங்கிவிட்டு, அதை ஓட்டும் சக்தி இல்லாத கம்ப்யூட்டரை இணைப்பது, சின்ன மோட்டாரை வைத்துப் பெரிய கிரைண்டரைச் சுற்றுவது போலாகும். குறைந்த முதலில் வாங்குவோர்க்கு ஃபுல் எச்.டி. திரையே ஏற்றது; கையில் சற்று அதிகம் இருந்தால் 1440 திரைக்குப் போகலாம்.

விளையாட்டும் முக்கியம். 2020-இல் வந்த வேலரன்ட் போன்றவற்றுக்கு கிராபிக்ஸ் கார்டின் பாரம் குறைவு. நடுத்தரக் கார்டே போதும், நல்ல புராசசர் வேண்டும். அதே 2020-இல் வந்த சைபர்பங்க் 2077 போன்றவை கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்து எடுப்பவை. முன்னது மட்டுமே விளையாடும் பிள்ளைக்குப் பின்னதற்கு உரிய செலவு தேவையில்லை.

நூறு ரூபாயைப் பங்கிடும் முறை

திரையைத் தனியே வைத்துவிட்டு, பெட்டிக்கு மட்டும் உள்ள தொகையை நூறு ரூபாயாகக் கொண்டால், நாம் சொல்லும் பங்கு ஏறத்தாழ இவ்வாறு:

கிராபிக்ஸ் கார்டு – 40
புராசசர் – 18
மதர்போர்டு – 12
ரேம் – 10
எஸ்.எஸ்.டி. – 8
பவர் சப்ளை (எஸ்.எம்.பி.எஸ்.) – 7
கேபினட், மின்விசிறிகள் – 5

இது சட்டமன்று; கைக்கணக்கு. ரேம் விலை ஏறிய காலத்தில் அதன் பங்கு கூடும். அப்போது மதர்போர்டிலும் எஸ்.எஸ்.டி. அளவிலும் குறைத்துச் சரிக்கட்டலாம். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கக் கூடாது. ரேமை ஒரே துண்டாக வாங்காமல் சம அளவில் இரண்டு துண்டுகளாக வாங்கினால் (16 ஜி.பி.க்கு 8 + 8) இரு வழியில் தகவல் ஓடி வேகம் கூடும்.

இதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. கடையின் முதலையெல்லாம் கண்ணாடி ஷோகேசிலும் விளக்கிலும் போட்டுவிட்டு, அலமாரியில் சரக்கில்லாமல் உட்கார்ந்தால் வியாபாரம் நடக்குமா? கேமிங் கம்ப்யூட்டரில் சரக்கு என்பது கிராபிக்ஸ் கார்டு. வண்ண விளக்கும் கண்ணாடிக் கேபினட்டும் ஷோகேஸ்.

இரண்டு கொட்டேஷன்கள்

ஏறக்குறைய ஒரே பட்ஜெட்டுக்குள் எழுதப்பட்ட இரண்டு கொட்டேஷன்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: ஐ7-14700எஃப் புராசசர், தண்ணீர்க் குளிர்விப்பான், விளக்கு எரியும் 32 ஜி.பி. ரேம், கண்ணாடிக் கேபினட், 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு, கம்பெனி பெயரில்லாத 500 வாட் பவர் சப்ளை.

இரண்டாவது: ஐ5-12400எஃப் புராசசர், அதனுடன் பெட்டியிலேயே வரும் விசிறி, 8 + 8 ஜி.பி. ரேம், முன்புறம் வலை வைத்த சாதாரணக் கேபினட், 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு, பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட் பவர் சப்ளை.

பார்வைக்கு முதலாவதே உயர்தரம். ஆனால் கிராபிக்ஸ் பாரம் மிகுந்த விளையாட்டுகளில் இரண்டாவது பெட்டி முதலாவதைப் போல இரு மடங்குக்கு மேல் வேகம் தரும். காரணம் எளிது: பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் மெதுவாகச் செய்பவரே முடிவு நேரத்தைத் தீர்மானிக்கிறார். முதலாவதில் விலையுயர்ந்த புராசசர், சிறிய கார்டு வேலையை முடிக்கும் வரை காத்திருக்கும்.

பெயரில் ஏமாறும் இடங்கள்

1. "ஐ7 கம்ப்யூட்டர்." ஐ7 என்பது வரிசையின் பெயர், வயதைச் சொல்லாது. 2011-இல் வந்த ஐ7-2600 என்பதும் ஐ7 தான். 2022-இல் வந்த ஐ3-12100 அதைவிடப் பன்மடங்கு நல்லது. மேலும் அந்தப் பழைய புராசசர் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்ற பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே முழு எண்ணையும் எழுதி வாங்க வேண்டும்.

2. "4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு." ஜி.டி. 730 என்ற 2014-ஆம் ஆண்டுக் கார்டும் 4 ஜி.பி.யில் வந்தது, 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-உம் 4 ஜி.பி. தான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஜி.பி. என்பது கிடங்கின் அளவு. அதில் வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை அன்று.

3. ஒரே பெயர், இரு சரக்கு. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 2022-இல் 8 ஜி.பி.யாகவும், 2024-இல் 6 ஜி.பி.யாகவும் வந்தது. பின்னதில் நினைவகம் மட்டுமல்ல, வேலை செய்யும் கோர்களும் குறைவு. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. கார்டும் 8, 16 ஜி.பி. என இரு வகையில் வந்தது. 1440 திரைக்கு வாங்குவோர் 16 ஜி.பி. வகையைக் கேட்பது நலம்.

4. லேப்டாப்பில் உள்ள கார்டு. அதே எண் போட்டிருந்தாலும் லேப்டாப்புக்குள் அது குறைந்த மின்சக்தியில் ஓடும். வேகமும் பெரும்பாலும் அதற்கேற்பக் குறையும்.

பவர் சப்ளை: எடைக்கல்லைச் சோதியுங்கள்

மலிவு கொட்டேஷன்களில் முதலில் கை வைக்கப்படும் பொருள் இதுவே. இது பழுதானால் தான் மட்டும் போகாது. சில நேரம் மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துப் போகும். பெட்டியின் மேல் "500" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற இடத்தைப் பாருங்கள். புராசசருக்கும் கார்டுக்கும் போகும் மின்சாரம் பெரும்பாலும் அந்த வழியில்தான். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 14 = 168 வாட். மேலே எழுதிய 500 வெறும் எழுத்து. நல்ல 550 வாட் பெட்டியில் அதே இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

தேவையையும் கூட்டிப் பார்க்கலாம். ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டுக்கு 145 வாட். நடுத்தரப் புராசசருக்கு உச்சத்தில் 100 வாட் வரை. மற்றவற்றுக்கு ஒரு 60 வாட். மொத்தம் 305. திடீர் ஏற்றத்துக்கு இடம் விட்டு 550 வாட் போதுமானது. 1000 வாட் வாங்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

யு.பி.எஸ். வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். 600 வி.ஏ. என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். திரையையும் சேர்த்தால் அது விளிம்பிலேயே நிற்கும். வீட்டு பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பழைய சரக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். கேபினட், புராசசர் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் அபாயம் குறைவு. பவர் சப்ளையும் எஸ்.எஸ்.டி.யும் புதிதாகவே இருக்கட்டும்.

பழைய கிராபிக்ஸ் கார்டில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-இல் முடிவுக்கு வந்தது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அடுத்து, ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த 2017-ஆம் ஆண்டின் ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. கார்டு இன்றும் பல விளையாட்டுகளை ஓட்டும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கும் 2025-இல் வந்த டூம் விளையாட்டுக்கும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். அந்த வசதி இதில் இல்லை. பழைய கார்டு எதுவாயினும் அரை மணி நேரம் கண்ணெதிரே விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லி, பில்லையும் மீதி வாரண்டியையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பில், வாரண்டி, வரி

சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு வரக்கூடும். உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் பில் இல்லையேல் வாரண்டி கேட்க நமக்குக் கையில் ஆதாரமில்லை. கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு; செலவில் நாற்பது பங்கு அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கார்டுகளுக்கு இங்கே வாரண்டி தராத கம்பெனிகள் பல உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் உறுப்பினர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. பிள்ளையின் கம்ப்யூட்டரைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்கி, அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. பின்னாளில் வட்டியுடன் கட்ட நேரும். விளையாட்டுப் பெட்டிக்காகக் கடைக் கணக்கில் கறை வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

நல்ல பெட்டி வாங்கியும் பலன் கிடைக்காத வீடுகள் உண்டு. மூன்றைச் சரிபாருங்கள். திரையின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகப்பட்டிருக்க வேண்டும், மதர்போர்டில் அன்று. திரை 144 ஹெர்ட்ஸ் ஆனாலும் விண்டோஸ் அதை 60-இல் வைத்திருக்கக்கூடும்; செட்டிங்கில் மாற்ற வேண்டும். ரேம் அதற்குரிய முழு வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை இயக்க வேண்டும். மூன்றுக்கும் செலவில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மூடிய மேசை அறையிலோ வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டமே பாதி ஆயுள்.

கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை

அ) கார்டுக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் போகிறது?
ஆ) புராசசர், கார்டு இரண்டின் முழு எண் என்ன? எந்த ஆண்டுச் சரக்கு?
இ) பவர் சப்ளையின் கம்பெனி எது? 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?
ஈ) பின்னாளில் புராசசரை மட்டும் மாற்ற இந்த மதர்போர்டில் வழி உண்டா?
உ) ஒவ்வொன்றுக்கும் வாரண்டி எத்தனை ஆண்டு? சீரியல் எண் பில்லில் வருமா?

கம்ப்யூட்டர் விற்பனையில் உள்ள நம் உறுப்பினர்களும் இந்த ஐந்துக்கும் பதிலைத் தாமாகவே கொட்டேஷனில் எழுதித் தரலாம். அளவு சரியாக இருக்கும் கடையைத் தேடித்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார். அரிசிக்கு உள்ள அந்த நியாயம் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்டு.