மாணவரின் வருமானமும் வருமான வரியும்

நோக்கம்: புலமைப்பரிசில், சுயதொழில் வருமானம், வங்கி வட்டி ஆகியவற்றைப் பெறும் மாணவர் ஒருவர் வரி செலுத்த வேண்டுமா எனக் கணித்தறிதல்.

1. அடிப்படை

இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி வருமான வரி அறவிடப்படுகிறது. மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி, அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடிவடையும். ஆண்டு வருமானத்தில் தனிநபர் நிவாரணத்தைக் கழித்த பின் மீதி இருந்தால் மட்டுமே வரி உண்டு. நிவாரணத் தொகை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது:

2020 ஜனவரி 1 முதல் – ரூபா 3,000,000
2023 ஜனவரி 1 முதல் – ரூபா 1,200,000
2025 ஏப்ரல் 1 முதல் – ரூபா 1,800,000

எனவே வினாவில் தரப்பட்ட ஆண்டை முதலில் கவனிக்க.

2. உதாரணம்

ஹட்டன் தோட்டமொன்றைச் சேர்ந்த பேராதனைப் பல்கலைக்கழக மாணவி, மாதம் ரூபா 7,500 வீதம் 10 தவணை மகாபொல புலமைப்பரிசில் பெறுகிறார். வார இறுதியில் தோட்டத்தில் 20 பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார். ஒருவருக்கு மாதக் கட்டணம் ரூபா 1,000. ஆண்டுச் செலவு: மண்டப வாடகை 36,000, நிழற்பிரதி 24,000, எழுதுபொருள் 6,000. சேமிப்பு வட்டி ரூபா 8,000. (2025/2026)

வகுப்புக் கட்டணம் (20 × 1,000 × 12) – 240,000
கழிக்க: செலவு – 66,000
வகுப்பின் இலாபம் – 174,000
வட்டி – 8,000
மகாபொல (7,500 × 10) – 75,000
மொத்தம் – 257,000

புலமைப்பரிசிலையும் சேர்த்துக் கணித்தாலும் தொகை 1,800,000 ஐ எட்டவில்லை. ஆகவே வரி இல்லை.

3. கவனிக்க வேண்டியவை

(அ) வருமானம் ஈட்டச் செய்த செலவை மட்டுமே கழிக்கலாம். விடுதி உணவு, பல்கலைக்கழகத்துக்கான பஸ் கட்டணம் என்பன சொந்தச் செலவுகள்.

(ஆ) தாயின் தோட்டச் சம்பளம் தாயின் வருமானமாகும். மகளின் கணக்கில் சேராது.

(இ) வரி இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என லயங்களில் பலர் அஞ்சுவர். இது தவறு. 18 வயது நிறைந்தோர் பதிவுசெய்ய வேண்டுமென்ற ஏற்பாடு 2024 இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு வேறு, வரிப்பொறுப்பு வேறு.

(ஈ) 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் வட்டியில் 10% கழிக்கின்றன. மேற்படி மாணவிக்கு இது ரூபா 800 ஆகும். ஆண்டு வருமானம் நிவாரண எல்லைக்குள் இருப்பவர், வரி இலக்கத்துடன் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் இக்கழிவைத் தவிர்க்கலாம். அஞ்சி இலக்கம் பெறாதவரே பணத்தை இழக்கிறார்.

4. பயிற்சி

பட்டம் பெற்ற பின் இவரது 2025/2026 தேறிய வருமானம் ரூபா 1,925,000 எனின் வரி யாது? (முதல் 1,000,000 க்கு 6%)

விடை: 1,925,000 – 1,800,000 = 125,000; இதன் 6% ரூபா 7,500.

முழு வருமானத்துக்கும் 6% கணிப்பது மாணவர் விடும் பொதுவான பிழையாகும்.

நினைவிற் கொள்க: வரவையும் செலவையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுகளைப் பேணுக. கணக்கு உள்ளவருக்கு வரி பற்றிய அச்சம் இல்லை.