அசல் முத்து எது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலை நகைக்கடைகளில் முத்துமாலை வாங்குவோர், “இது அசலா?” என்று கேட்பதுண்டு. அசல் என்றால் என்ன?

அன்று கொற்கைக் கடலில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்தது தானாக விளைந்த முத்து. எத்தனையோ சிப்பிகளைத் திறந்தால்தான் நல்முத்து ஒன்று கிடைக்கும். அதனாலேயே அது அரசியின் சிலம்புக்குப் பரலானது. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலன் கள்வனல்லன் என்பதை மெய்ப்பித்தது இந்த வேறுபாடுதான்.

1893இல் ஜப்பானியரான மிக்கிமோத்தோ சிப்பியில் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். இன்று விற்பனையாகும் முத்துகளில் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகளே. அவற்றைப் போலி என்பது தவறு. அவற்றின் பளபளப்பும் சிப்பி தந்ததே. சாயம் பூசிய கண்ணாடி மணிதான் போலி.

பல்லில் மெல்ல உரசினால் முத்து நறநறக்கும், கண்ணாடி வழுக்கும். (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு உரசுங்கள்!) ஆனால், இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பது பல்லுக்குத் தெரியாது. அதற்கு ஊடுகதிர்ச் சோதனை வேண்டும்.